பொருள்: பெட்டி பேசவில்லை

பழைய கம்ப்யூட்டரை வைத்துப் பிழைப்பவனுக்கு ஒரு சத்தம் முக்கியம். சுவிட்சைப் போட்டதும் உள்ளே காற்றாடி சுற்றும், திரை கொஞ்ச நேரம் யோசிக்கும், அப்புறம் 'பீப்' என்று ஒரே ஒரு சத்தம் வரும். ஒரு தடவை கத்தினால் எல்லாம் நலம். விட்டு விட்டுக் கத்தினால் எங்கேயோ கோளாறு, ஆனால் எங்கே என்று அதுவே சொல்கிறது. கத்தவே இல்லை என்றால், முகத்தைச் சாதாரணமாக வைத்துக்கொண்டு "பாக்கலாங்க" என்று சொல்லவேண்டும். வாடிக்கையாளர் வாசல்படி இறங்கின பிறகுதான் வியர்க்கலாம்.

அந்தப் "பாக்கலாங்க"வை என் சொந்த அண்ணனிடம் சொல்லவேண்டி வந்தது. அன்றைக்கு வாடிக்கையாளர் படி இறங்கவில்லை. எதிரிலேயே கட்டிலில் உட்கார்ந்து நான் வியர்ப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் இலுப்பூரில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். கடைக்குப் பின்னால் இருக்கிற வீட்டில் நானும் என் மனைவியும் பழைய கம்ப்யூட்டர்களும் குடியிருக்கிறோம். இட நெருக்கடி வந்தால் யார் வெளியே போவது என்பதில் வீட்டில் கருத்து வேறுபாடு உண்டு. திருமயம் பக்கத்துப் பெரிய வீடுகளில் பிள்ளைகள் எல்லாம் பட்டணத்துக்குப் போய்விட, கணக்கு பார்த்த கம்ப்யூட்டர் பெட்டிகள் பூட்டின அறையில் தூசி தின்றுகொண்டிருக்கும். கூப்பிட்டு, "எடுத்துட்டுப் போயிருங்க" என்பார்கள். ஜெகதாப்பட்டினத்தில் ஐஸ் கம்பெனி பில் போட்ட பெட்டி ஒன்றையும் அப்படித்தான் தூக்கி வந்தேன். உப்புக் காற்றில் திருகாணி எல்லாம் துருவேறி, மூடியைத் திறந்தால் சங்கரா மீன் வாடை. பல நாள் துடைத்து, காயவைத்து, அது கத்தின அன்றைக்குத் தெருவில் கேட்டவர்களுக்கெல்லாம் டீ சொன்னேன். அதில்தான் இன்றைக்கும் பள்ளிக்கூடத்துக் கேள்வித்தாள் அடித்துக் கொடுக்கிறேன். பிள்ளைகள் தாளை மோந்து பார்க்காதவரைக்கும் எனக்குக் கவலையில்லை.

அண்ணனுக்கு இதெல்லாம் ஆகாது. புதுக்கோட்டையில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் நடத்தினவர். லோயர், ஹையர் என்று அவரிடம் அடித்துப் பழகினவர்கள் பாதி அலுவலகங்களில் உட்கார்ந்திருக்கிறார்கள். குரல் என்றால் அது குரல். "மூணாவது மிசினு, விரலப் பாக்காம அடி" என்று உள்ளே சொன்னால், தெருவில் சைக்கிளில் போகிறவன் ஹேண்டில்பாரைப் பார்ப்பதை நிறுத்துவான். அந்தக் குரலில் என்னைப் பற்றி அவர் சொந்தக்காரர்களிடம் சொன்னது ஒரே வார்த்தைதான்: "காயலான் கடை."

அந்தக் குரலைத்தான் திருச்சியில் அறுத்து எடுத்தார்கள். தொண்டையில் புற்று. குரல்வளையை எடுத்துவிட்டு, கழுத்தின் அடியில் மூச்சு விட ஓர் ஓட்டை வைத்தார்கள். அதன்மேல் வெள்ளைத் துணி கட்டியிருப்பார். காற்று அங்கிட்டே வந்து அங்கிட்டே போகிறது, வாய்க்கு வருவதில்லை. ஆபரேசன் அன்றைக்கு வராந்தாவில் அண்ணி அழுதபோது, "இனிமே வீட்ல நீங்க சொல்றதுதான் அண்ணி கடைசி வார்த்தை" என்று ஒரு நகைச்சுவையை எடுத்து விட்டேன். பயம் வந்தால் எனக்கு இப்படித்தான், வாய் முந்திக்கொள்ளும். அண்ணி என்னைப் பார்த்த பார்வையில் பக்கத்தில் நின்ற நர்ஸ் எனக்காகத் தலை குனிந்துகொண்டார்.

எழுதிக் காட்டலாமே என்று கேட்பீர்கள். அண்ணனுக்குக் கை நடுக்கம், வியாதிக்கு முந்தியே உண்டு. பேனா பிடித்தால் எழுத்து நடனமாடும். கழுத்தில் வைத்துப் பேசுகிற கருவி ஒன்றைக் கொடுத்தார்கள். நடுங்குகிற கையில் அது இடம் மாறி மாறி உறுமிற்று. ஒரு நாளோடு பீரோவுக்குள் போனது. சென்னையில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கிற அவர் மகள் ஒரு டேப்லெட் வாங்கி அனுப்பினாள். தொட்டாலே எழுத்து விழும். நடுங்குகிற விரல் தொடக்கூடாததையும் தொடும். 'கஞ்சி' என்று ஆரம்பித்தால் அது தானாகவே காஞ்சிபுரம் போய்விடும். லேப்டாப்பிலும் அதே கதை. பழைய கீபோர்டை ஒரு மாற்று ஒயர் போட்டு லேப்டாப்பில் சொருகியும் பார்த்தேன், ஓர் எழுத்து அடித்தால் மூன்று விழுந்தது.

கடைசியில் காயலான் கடையிலிருந்துதான் சரக்கு போனது. மேசைமேல் படுத்திருக்கிற கனத்த பெட்டி, அதன்மேல் முதுகு பெருத்த டிவி மாதிரி திரை, முன்னால் செங்கல் கனத்தில் கீபோர்டு. அதன் சாவிகளை நன்றாக அழுத்தினால்தான் இறங்கும். நடுக்கத்துக்கெல்லாம் அது அசையாது, வேண்டுமென்று அடித்தால் மட்டும் 'டக்' என்று எழுத்து விழும். உள்ளே டைப்ரைட்டர் முறையிலேயே தமிழ் அடிக்கிற பழைய புரோகிராம். அண்ணன் முறைப்புடன் உட்கார்ந்தார். மணிக்கட்டை மேசையில் ஊன்றினார். திரையைக்கூடப் பார்க்கவில்லை. அடித்து முடித்தபிறகு நாங்கள் குனிந்து படித்தோம்.

"பொருள்: கஞ்சி. கஞ்சியில் உப்பு இல்லை. ஆவன செய்யவும்."

வாழ்நாள் முழுக்க அடித்தது எல்லாம் அலுவலகக் கடிதம். விரலுக்கு வேறு தமிழ் தெரியாது. வாயால் "ஏன்டி உப்பு போடல" என்று கேட்ட மனுசன், விரலால் மனு கொடுக்க ஆரம்பித்தார். அண்ணி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே உப்பு எடுக்கப் போனார்கள். அன்றிலிருந்து அந்தப் பெட்டிதான் அண்ணனுடைய வாய். காலையில் 'பீப்' கேட்டால் அண்ணி, "எந்திரிச்சிட்டாக" என்பார்கள். எழுந்தது யார் என்று நான் கேட்டதில்லை.

இந்த வருசம் ஆயுத பூசைக்குக் கொஞ்ச நாள் முந்தி, வியாதி திரும்ப வந்திருக்கிறது என்றார் டாக்டர். கழுத்தில் வலது பக்கம் ஒரு கட்டி. இன்னொரு ஆபரேசன் செய்யலாம், இல்லை மருந்தோடு விட்டுவிடலாம், இரண்டிலும் கஷ்டம் உண்டு, பேசி முடிவெடுத்து விஜயதசமிக்கு மறுநாள் வந்து சொல்லுங்கள் என்றார். பேசி முடிவெடுக்கச் சொன்னதைக் கேட்டு நான் சிரித்துவிட்டேன். வேறு யாரும் சிரிக்கவில்லை.

அண்ணி ஆபரேசன் என்றார்கள். மகள் போனில் ஆபரேசன் என்றாள். என்னைக் கேட்டார்கள், நான் பஸ்ஸுக்கு நேரமாச்சு என்றேன். அண்ணன் மட்டும் எதுவும் சொல்லவில்லை. பூசைக்கு முந்தின நாள் அண்ணி வற்புறுத்திக் கேட்டபோது அடித்தார்: "பொருள்: சிகிச்சை. முடிவு பரிசீலனையில் உள்ளது. பூசை முடிந்தபின் தெரிவிக்கப்படும்."

ஆயுத பூசைக்கு நானும் புதுக்கோட்டைக்குப் போயிருந்தேன். அண்ணன் வீட்டில் அன்றைக்குக் கருவி எதையும் தொடக்கூடாது. அரிவாள்மனை, தையல் மிசின், ஸ்கூட்டர், எல்லாவற்றையும் துடைத்துப் பொட்டு வைத்தால், மறுநாள் பூசை பிரித்த பிறகுதான் கையில் எடுக்கலாம். கம்ப்யூட்டருக்குப் பொட்டு வைக்கிற வேலை எனக்கு. நான் சும்மா வைப்பேனா? திரைக்கு மூன்று பட்டை விபூதி. கீபோர்டுக்கு ஒரு செவந்திப் பூ. பெட்டியின் முன்பக்கத்தில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு பொத்தான் இருக்கும், சுவிட்சு ஒன்று, ரீசெட் ஒன்று. பெரிய பொத்தானுக்குப் பெரிய சந்தனப் பொட்டு, சின்னதுக்குச் சின்னப் பொட்டு. "மாப்பிள்ளையும் பொண்ணும்" என்று சொல்லி, சந்தனத்தின்மேல் குங்குமத்தைக் கட்டைவிரலால் அழுத்தி வைத்தேன். அண்ணன் கட்டிலில் இருந்து என் கட்டைவிரலையே பார்த்தார். ஏதோ சொல்ல வந்து கையைத் தூக்கினார். அதற்குள் அண்ணி சூடம் ஏற்றிவிட்டார்கள்.

அன்று முழுக்க வீடு அமைதியாக இருந்தது. கட்டில் சட்டத்தில் மோதிரத்தால் ஒரு தட்டு என்றால் ஆமாம், இரண்டு தட்டு என்றால் இல்லை. காபி வேணுமா, ஒரு தட்டு. சுண்டல் வேணுமா, இரண்டு தட்டு. ஆபரேசனுக்குச் சரின்னு சொல்லிரலாமா என்று அண்ணி கேட்டபோது ஒரு தட்டு விழுந்தது. கொஞ்சம் பொறுத்து இரண்டு தட்டு விழுந்தது. மூன்று தட்டுக்கு என்ன அர்த்தம் என்று எங்களில் யாருக்கும் தெரியவில்லை. நாளைக்குப் பெட்டி சொல்லும் என்று விட்டுவிட்டோம்.

மறுநாள் காலையில் பூசை பிரித்து, சுவிட்சைப் போட்டேன். காற்றாடி சுற்றியது. திரை இருட்டாக இருந்தது. சத்தம் வரவில்லை.

"பாக்கலாங்க" என்றேன். அண்ணனிடம் 'ங்க' போட்டுப் பேசினதே அதுதான் முதல் தடவை.

பெட்டியைத் திருப்பி, முதுகு அண்ணனுக்கும் முகம் சுவருக்குமாக வைத்து மூடியைக் கழற்றினேன். மெமரியை எடுத்து, முனையை ரப்பரால் தேய்த்து, திரும்பச் சொருகினேன். சத்தம் இல்லை. கார்டுகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கினேன். கரண்டு கொடுக்கிற பெட்டியை மாற்றிப் பார்த்தேன். இல்லை. கடையில் இது நடந்தால், "அவசரப்படாதீங்க, எலக்ட்ரானிக்ஸ் பொறுமைய எதிர்பாக்கும்" என்று பாடம் எடுக்கிற ஆள் நான். அன்றைக்கு ஸ்க்ரூ டிரைவரை வாயில் வைத்துக்கொண்டு ஸ்க்ரூ டிரைவரைத் தேடிக்கொண்டிருந்தேன்.

அண்ணன் கட்டிலைத் தட்டினார். திரும்பிப் பார்த்தோம். ஆள்காட்டி விரலால் தன் நெற்றியைத் தொட்டார். அப்புறம் பெட்டியைக் காட்டினார். மறுபடியும் நெற்றி.

அண்ணி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்கள். "என் தலையெழுத்துங்கிறாக. ஏன் இப்படிச் சொல்றீக, நாங்கல்லாம் இல்லையா?" அண்ணன் இரண்டு தட்டு தட்டினார். அதை, நாங்கள் இல்லை என்று எடுத்துக்கொண்டு அண்ணி இன்னும் அழுதார்கள்.

எனக்கு வேறு மாதிரி புரிந்தது. நெற்றியைத் தொட்டு, நான் கழற்றிப் போட்ட பெட்டியைக் காட்டினால், உனக்கு மூளை இருக்கா என்றுதானே அர்த்தம். சின்ன வயசிலிருந்து கேட்ட கேள்வி. "இருக்குண்ணே, பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன்" என்றேன். அண்ணன் கண்ணை மூடிக்கொண்டார்.

அந்த நேரம் பார்த்து மகள் போன் செய்தாள். அண்ணி நடந்ததைச் சொன்னார்கள். போனை என்னிடம் கொடுக்கச் சொன்னாள். பிறகு என்னைக் கேட்டாள். "சித்தப்பா, அப்பாவுக்குத் தலை வலிக்குதா? நெத்தியா, பின்னந்தலையா? மூளைக்குப் பரவியிருந்தா மொதல்ல தலவலிதான் வருமாம்."

அதுவரைக்கும் நான் பயந்தது ஒரு பெட்டிக்காக. போனைக் காதில் வைத்தபடியே கட்டிலுக்கு ஓடினேன். "வலிக்குதாண்ணே?" என்றேன். இரண்டு தட்டு. "மறைக்காதண்ணே." இரண்டு தட்டு, பலமாக. வலிக்கிறவர்தான் இவ்வளவு பலமாகத் தட்டுவார் என்று எனக்குத் தோன்றியது. என் நெற்றியும் வலிப்பது போலிருந்தது. சர்க்கரை மாத்திரை போட்டேனா என்று யோசித்தேன். எனக்குச் சர்க்கரையே கிடையாது.

பேனா கேட்டார். கொடுத்தேன். கை ஆட ஆட நாலு கோடு இழுத்தார். நானும் அண்ணியும் தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தோம். "பெட்டி" என்று இருந்தது. "ஆமாண்ணே, பெட்டிதான். அதத்தானே பாக்குறேன்." தாளைப் பிடுங்கிக் கசக்கி என்மேல் எறிந்தார். எழுந்து வரப் பார்த்தார். "நீங்க எந்திரிக்காதீக, மயக்கம் வந்துரும்" என்று அண்ணி தோளைப் பிடித்து உட்கார வைத்துவிட்டார்கள்.

மறுநாள் காலையில் திருச்சியில் இருக்கவேண்டும். அவர் என்ன சொல்லப்போகிறார் என்பது அவருக்குள்ளேயே கிடக்கிறது. தட்டுகிற தட்டில் அது அடங்கவில்லை. பெட்டி எழவில்லை என்றால் அண்ணியும் மகளும் அவருக்காகச் சரி என்பார்கள், அவர் மூன்று தட்டு தட்டுவார், கூட்டிப்போய்க் கீறிவிடுவார்கள். அல்லது அவர் வேண்டாம் என்று நினைப்பதை வேண்டும் என்று நான் படித்துச் சொல்வேன். 'பெட்டி' என்று படித்துத் தாளால் எறி வாங்கினவன்தானே.

இலுப்பூருக்கு பஸ் ஏறினேன். ஐஸ் கம்பெனி பெட்டியைத் திறந்து, போட்டுப் பார்த்தேன். சமத்தாக ஒரு 'பீப்'. உள்ளிருந்த மதர்போர்டைக் கழற்றித் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு திரும்பினேன். பக்கத்து சீட்டில் இருந்த அம்மா மூக்கைச் சுளித்து, "மீனா?" என்றார்கள். "மூளைங்க" என்றேன். அவர்கள் எழுந்து முன்னால் போய்விட்டார்கள்.

மதர்போர்டை அண்ணனின் பெட்டிக்குள் வைத்து, முன்பக்கத்துப் பொத்தான்களின் ஒயரை எல்லாம் பழையபடி மாட்டி, சுவிட்சைப் போட்டேன். காற்றாடி சுற்றியது. அவ்வளவுதான்.

இலுப்பூரில் அது கத்தினதை நான் காதால் கேட்டேன். இந்த வீட்டுக்குள் வந்ததும் அதுவும் ஊமையாகிவிட்டது. சிரிக்கலாம் என்று வாயைத் திறந்தேன். சிரிப்பு வரவில்லை. பெட்டிக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்து, ஸ்க்ரூ டிரைவரைத் தரையில் வைத்தேன்.

அண்ணி அடுப்படியில் இருந்தார்கள். தடுக்க ஆள் இல்லாததால் அண்ணன் எழுந்து, சுவரைப் பிடித்துப் பிடித்து வந்தார். எனக்கு எதிரே குனிந்தார். அடிக்கப்போகிறார் என்று கழுத்தை உள்ளே இழுத்தேன். கட்டைவிரலால் என் நெற்றியில் இருந்த சந்தனப் பொட்டை அழுத்தித் துடைத்தார். சந்தனம் ஒட்டின கட்டைவிரலை என் மூக்குக்கு நேரே நீட்டிக் காட்டினார். அப்புறம் பெட்டியைத் தன் கையாலேயே முன்பக்கம் திருப்பினார்.

மாப்பிள்ளையும் பொண்ணும் அப்படியே இருந்தார்கள். பூசைப் பொட்டைத் துடைக்கக் கூடாது என்று நான்தான் காலையிலிருந்து பக்தியாகத் தொடாமல் விட்டிருந்தேன். சின்னப் பொத்தானுக்கு நான் அழுத்தி வைத்த சந்தனம் இடுக்கில் இறங்கிக் காய்ந்து, பொத்தானை உள்ளேயே பிடித்து வைத்திருந்தது. ரீசெட் அமுங்கியே இருந்தால் எந்தப் பெட்டியும் எழாது. எழுந்திரு எழுந்திரு என்று சொல்லிக்கொண்டே தலையை அமுக்கிப் பிடித்த மாதிரி. எந்த மதர்போர்டைக் கொண்டு வந்தாலும், அமுங்கின அந்தப் பொத்தானின் ஒயரை அதில் மாட்டினவன் நான்.

அண்ணியிடம் ஊக்கு வாங்கி, இடுக்கில் விட்டுச் சுரண்டினேன். 'டிக்' என்று பொத்தான் வெளியே வந்தது.

'பீப்.'

அண்ணன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, மணிக்கட்டை ஊன்றி அடித்தார். நானும் அண்ணியும் பின்னால் நின்று படித்தோம்.

"பொருள்: பொட்டு. மடையனே, அது பொட்டு."

அண்ணி வாயைப் பொத்திக்கொண்டார்கள். அழுகிறார்களா சிரிக்கிறார்களா என்று கண்டுபிடிக்க முடியவில்லை. "இதத்தான் காலைலேருந்து நெத்தியத் தொட்டுத் தொட்டுச் சொன்னீகளா?" ஒரு தட்டு. மகளிடம் போனில் தலைவலி இல்லை என்று சொன்னோம். பொட்டு என்றதும் அவளுக்கு அது புரியவே நேரமானது.

"நாளைக்கு என்னண்ணே சொல்லப் போற?" என்றேன். அவர் யோசித்து அடித்தார். "நெற்றியைத் தொட்டால் ஒருத்தி தலையெழுத்து என்கிறாள். ஒருவன் மூளை என்கிறான். ஒருத்தி தலைவலி என்கிறாள். நாளை மருத்துவரிடம் எதைத் தொட்டு எதைச் சொல்வது? பெட்டியும் உடன் வரும்."

ஆகவே பெட்டியும் உடன் வந்தது. வாடகைக் காரில் பின்சீட்டில் அண்ணனும் அண்ணியும், நடுவில் சீட் பெல்ட் போட்டுத் திரை. முன்சீட்டில் என் மடியில் பெட்டி. கீரனூர் தாண்டி ஒவ்வொரு வேகத்தடைக்கும் நான் டிரைவரைக் கெஞ்சினேன். உள்ளே கர்ப்பிணி யாரும் இல்லையே என்றார் அவர். ஆஸ்பத்திரி வாசலில் செக்யூரிட்டி, டிவியெல்லாம் கொண்டு வரக்கூடாது என்றார். இது டிவி இல்லைங்க, பேசண்டோட வாய் என்றேன். அவர் அண்ணன் கழுத்துத் துணியைப் பார்த்துவிட்டு, சக்கர நாற்காலி ஒன்றைத் தள்ளிக்கொண்டு வந்தார். அதில் திரை உட்கார்ந்தது. அண்ணன் நடந்து வந்தார்.

டாக்டர் தன் மேசையில் இருந்ததை எல்லாம் ஓரமாக ஒதுக்கினார். நான் ஒயரை மாட்டினேன். பிளக் ஓட்டை தளர்வாக இருந்ததால் கையால் பிடித்துக்கொண்டு குந்தினேன். சுவிட்சைப் போட்ட அந்தக் கொஞ்ச நேரத்தில் எனக்குத் தெரிந்த சாமி எல்லாவற்றையும் கூப்பிட்டேன். பொட்டு வைக்கிறேன் என்று மட்டும் யாருக்கும் வேண்டிக்கொள்ளவில்லை.

'பீப்.' டாக்டர் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து அண்ணன் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார். "என்னங்க முடிவு பண்ணிருக்கீங்க?" என்றார்.

அண்ணன் அடித்தார். நான் இருந்த இடத்தில் திரை தெரியவில்லை, சாவிகளின் சத்தம் மட்டும். டாக்டர் வாய்விட்டுப் படித்தார். "பொருள்: வலது கை. கழுத்தில் அறுத்தால் தோள் இறங்கிப்போகும் என்று வார்டில் ஒருவர் காட்டினார். எனக்குப் பேச்சு இந்தக் கைதான். கை தங்கும் என்றால் அறுக்கலாம். தங்காது என்றால் வேண்டாம். எது என்று மறைக்காமல் தெரிவிக்கவும்."

ஒரு தட்டும் இரண்டு தட்டும் சேர்ந்து விழுந்தது ஏன் என்று அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது. அவரிடம் பதில் இருக்கவில்லை, கேள்விதான் இருந்தது. என்ன கேள்வி என்று இத்தனை நாள் எங்களில் யாரும் அவரிடம் கேட்கவில்லை. அண்ணி சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்கள்.

டாக்டர் அண்ணன் கழுத்தின் வலது பக்கத்தைத் தொட்டுப் பார்த்தார். தோளுக்குப் போகிற நரம்பு அந்தக் கட்டியை ஒட்டிப் போகிறது, காப்பாற்றப் பார்ப்பேன், காப்பாற்றுவேன் என்று வாக்குக் கொடுக்க முடியாது என்றார். தோள் இறங்கினால் கையை மேலே தூக்குவது கஷ்டம். முழங்கை ஊன்றி, தாழ்வாக வைத்து விரலை ஆட்டுவதற்கு அநேகமாகத் தடை இருக்காது என்றார். அந்த 'அநேகமாக'வைச் சொல்லும்போது அவர் அண்ணன் முகத்தைப் பார்த்துத்தான் சொன்னார்.

அண்ணன் வெகுநேரம் கீபோர்டின்மேல் கையை வைத்தபடி இருந்தார். என் கையில் பிளக் சூடாகிக்கொண்டிருந்தது. பிறகு கொஞ்சமாக அடித்தார். டாக்டர் படித்துவிட்டு, "இது எனக்கில்ல, ஒங்களுக்கு" என்று என்னைப் பார்த்தார்.

"பொருள்: மேசை. வீட்டு மேசையின் உயரத்தைக் குறைக்கவும்."

ஆபரேசனுக்கு நாள் குறித்துவிட்டார்கள், அடுத்த வாரம். மேசைக் கால்களை நானே அறுத்தேன், ஆசாரியைக் கூப்பிடுகிற பொறுமை இல்லை. நாலு காலும் நாலு உயரத்தில் நிற்கின்றன. ஒரு காலுக்கு அட்டையை மடித்து முட்டுக் கொடுத்திருக்கிறேன். அண்ணன் முழங்கையை ஊன்றி அடித்துப் பார்த்தார், மேசை ஆடுகிறது என்று மனு வந்தது. இன்னும் கொஞ்சம் அட்டை வைத்தேன். இடது கையால் மட்டும் அடித்துப் பழகுகிறார். அதில் 'பொருள்' என்று வருவதற்குள் கஞ்சி ஆறிவிடுகிறது.

ஆபரேசன்வரைக்கும் அண்ணன் வீட்டிலேயே தங்கி, காலையில் நான்தான் சுவிட்சைப் போடுகிறேன். சின்னப் பொத்தானை ஒருமுறை தடவிப் பார்த்துவிட்டு.